நெஞ்சுச் சத்தம் பிடிக்கிற அறை

மற்றவர்களை மூச்சை நிறுத்தச் சொல்லி, அதற்காக அரசாங்கத்திடம் மாதாமாதம் சம்பளம் வாங்கியவன் நான்.

பயப்படாதீர்கள், கொலைத் தொழில் அல்ல. எழுபதுகளில் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில், நெஞ்சுச் சத்தத்தைக் கடதாசியில் பதிகிற மெசினுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு சின்ன மைக்கை நெஞ்சில் வைத்துப் பட்டி போட்டு இறுக்குவேன். கழுத்தில் நாடி துடிக்கிற இடத்தில் இன்னொரு கருவி. கைகால்களில் வயர்கள். மெசினைப் போட்டால் இதயத்தின் 'லப்'பும் 'டப்'பும் கோடுகளாக ஓடி வரும். பெரிய டொக்டர் அந்தக் கோடுகளுக்கு நடுவே அளந்து பார்த்து, இதயம் இரத்தத்தைத் தள்ளுவதற்கு ஆயத்தமாக எவ்வளவு நேரம் எடுக்கிறது, உண்மையில் தள்ளுவது எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்ப்பார். நல்ல இதயம் கெதியாக ஆயத்தமாகி, ஆறுதலாக வேலை செய்யும். பலவீனப்பட்ட இதயம் ஆயத்தமாவதிலேயே நேரத்தைப் போக்கிவிட்டு வேலையைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளும். அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இந்த மெசினுக்கு முதல் தேவை அமைதி. இலை விழுந்தாலும் பதிந்துவிடும். ஆகவே ஆஸ்பத்திரி நிர்வாகம் நன்றாக யோசித்து எங்களுக்கு ஒரு அறையைத் தந்தது. ஒரு பக்கம் கன்ரீன், மறுபக்கம் சைக்கிள் நிறுத்துமிடம், முன்னால் பஸ் ஓடுகிற றோட்டு. பொதுசனத்தோடு மாரடித்து ஓய்வுபெற்ற எவரும் இதை வாசித்தால் என் துக்கம் விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

நிப்பாட்டச் சொன்ன குற்றம்

மூச்சு இரைச்சல் இதயச் சத்தத்தை மறைத்துவிடும் என்பதால், பதிகிற நேரம் நோயாளி மூச்சை வெளியே விட்டு அப்படியே அடக்க வேண்டும். கொழும்பில் எனக்குப் பயிற்சி தந்தவர் இதை ஒரே வசனத்தில் சொல்லித் தந்தார். அவர் எங்கள் தென்மராட்சிப் பக்கத்துச் சனத்தைக் கண்டதில்லை.

வேலை தொடங்கிய புதிதில், சாவகச்சேரிக்கு அங்காலே ஒரு கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பனங்கிழங்கு போல இறுகிய உடம்பு, கையில் குடை, மடியில் வெற்றிலைச் சுருள். படுக்க வைத்து, மைக்கைப் பொருத்தி, என் குரலில் இருந்த பணிவு முழுவதையும் கூட்டி, "அம்மா, இப்ப மூச்சை நிப்பாட்டுங்கோ" என்றேன். அவர் மூச்சை நிப்பாட்டவில்லை. வயர்களோடேயே எழும்பி உட்கார்ந்தார். "என்ன சொன்னனி?" என்று கேட்டார். நான் திருப்பிச் சொன்னேன். குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"மூச்சை நிப்பாட்டுறதெண்டால் நான் வீட்டிலையே நிப்பாட்டியிருப்பன். அதுக்கேன் மோனை பஸ்ஸிலை இடிபட்டு இஞ்சை வந்தனான்?"

அமைதி காக்கிற உத்தியோகம்

எங்கள் அறை வாசலில் அமைதி காப்பதற்கென்றே ஒரு ஆளைப் போட்டார்கள். கதிரவேலண்ணை. காக்கிச் சட்டை, முறுக்கின மீசை, கோயில் வெடியைப் போலக் குரல். ஆஸ்பத்திரி முழுவதிலும் தேடி, மிகச் சத்தமான மனிதரைக் கண்டுபிடித்து எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

கொஞ்ச நாளாகப் பெரிய டொக்டருக்கு ஒரு குழப்பம். ஒவ்வொருவருடைய பதிவிலும் எங்காவது ஓரிடத்தில் கோடு எகிறிக் குதித்திருந்தது. குழந்தை, கிழவர், கர்ப்பிணி என்ற வித்தியாசம் இல்லை. இங்கிலாந்தில் படித்தபோது இப்படி ஒரு வியாதியைக் கண்டதில்லை என்றார். ஒரு நாள் தானே வந்து கதிரையைப் போட்டு என் பக்கத்தில் இருந்தார். நோயாளி மூச்சை அடக்கினார். நான் மெசினைப் போட்டேன். அந்த நேரம் பார்த்துக் கதவுக்கு வெளியே "சத்தம் போடாதேங்கோ!" என்று ஒரு முழக்கம். கோடு குதித்தது. டொக்டர் எழுந்து போய்க் கதவைத் திறந்து, சத்தம் போடுவது நீர்தான் என்று மிகவும் மெதுவாக விளங்கப்படுத்தினார். கதிரவேலண்ணை தொப்பியைக் கழற்றிவிட்டு மரியாதையாகப் பதில் சொன்னார்:

"நான் கத்தாமல் விட்டால் உந்தச் சனம் சத்தம் போடும், ஐயா."

எதிர்க்கடைச் சுத்தியல்

றோட்டுக்கு அந்தப் பக்கம், எங்கள் யன்னலுக்கு நேரே, சவப்பெட்டிக் கடை ஒன்று இருந்தது. வியாபாரம் தெரிந்தவர் இடம் பார்த்துத்தான் கடை போட்டிருந்தார்.

ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவரின் பதிவில் இரண்டு சத்தங்களோடு மூன்றாவதாக ஒன்றும் விழுந்திருந்தது. வயதுபோனவருக்கு மூன்றாவது சத்தம் வந்தால் இதயம் களைத்துப்போயிற்று என்று பொருள். டொக்டரின் முகம் இருண்டது. வெளியே வாங்குப் பலகையில் இருந்த மகன் கதவிடுக்கால் அதைக் கண்டுவிட்டு அழத் தொடங்கினார். ஆனால் டொக்டர் குழாயை வைத்துக் கேட்டபோது அப்படி ஒரு சத்தமே இல்லை. திருப்பி எடுத்தோம், ஒரு தரம் வந்தது, மறுதரம் வரவில்லை. அடுத்து வந்த பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அதே மூன்றாவது சத்தம். அப்போதுதான் எனக்கு எதிர்ப்பக்கத்து 'டக்' 'டக்' காதில் ஏறியது.

தபால் அதிபருக்கு நீண்ட ஆயுள் என்ற செய்தியை மகனிடம் சொல்லிவிட்டு, நான் றோட்டைக் கடந்து போனேன். கடைக்காரர் அந்தோனியண்ணை, வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு மூடி ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார். காலையில் கொஞ்ச நேரம் சுத்தியலை ஓய வைக்க முடியுமா, எங்கள் வேலை கெடுகிறது என்றேன். ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினார்.

"நீங்கள் உங்கடை வேலையை வடிவாச் செய்தால், தம்பி, என்ரை சுத்தியல் தன்பாட்டிலை ஓயும்."

சோதனைக் காலத்து நெஞ்சுநோய்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகம் வந்த பிறகு எங்களுக்கு ஒரு புதுப் பருவகாலம் வந்தது. சோதனை கிட்ட வரும். டொக்டரின் சான்றிதழ் கிடைத்தால் அதை எழுதாமல் தப்பலாம். பலாலி றோட்டு பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பொடியள் வந்து இறங்குவார்கள்.

அதில் ஒருவன் நன்றாகப் படித்துக்கொண்டு வந்திருந்தான். சோதனைக்கு அல்ல, இதய வியாதிகளை. படபடப்பு, இளைப்பு, இடது தோளில் குத்து என்று ஒழுங்கு குலையாமல் ஒப்புவித்தான். டொக்டர் சிரிக்காமல் கேட்டுவிட்டு என்னிடம் அனுப்பினார். மூச்சை அடக்கச் சொன்னவுடன் அடக்கினான். அவ்வளவு நல்ல நோயாளி எனக்கு அந்த வருடமே கிடைக்கவில்லை. கடதாசியில் வந்தது, பாடப் புத்தகத்தில் போடக்கூடிய இதயம். இரண்டு சத்தம், நடுவே பூரண மௌனம். நல்ல செய்தியைச் சொன்னேன். அவன் முகம், விளக்கு அணைந்த வீடுமாதிரிப் போய்விட்டது. கடதாசியை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து என் காதோடு கேட்டான்:

"அண்ணை, இன்னொருக்கா வடிவாப் பாருங்கோ. ஒரு சின்னச் சத்தமெண்டாலும் இல்லையோ?"

வெங்காய நெஞ்சு

மெசினோடு ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியும் இருந்தது. பதிகிறபோதே காதாலும் கேட்கலாம். வானம் மப்பாக இருக்கும் நாட்களில் எங்கள் நீண்ட வயர்கள் ஏரியலாக மாறி, எங்கிருந்தோ றேடியோவையும் பிடித்துத் தரும். வெளிநாட்டுக்காரர் செய்த மெசின் அல்லவா, ஒரு வேலையோடு நிற்காது.

உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டக்காரர் கந்தையா ஒரு நாள் படுத்திருந்தார். அரசாங்கம் இறக்குமதியை இறுக்கி, வெளிநாட்டு வெங்காயம் நாட்டுக்குள் வராத காலம். வலிகாமத்துத் தோட்டக்காரர்கள் நிமிர்ந்து நடந்தார்கள். 'லப் டப்' நன்றாக விழுந்துகொண்டிருந்தது. திடீரென்று அவர் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், மிகவும் இனிமையாக, சின்ன வெங்காயத்தின் சந்தை நிலவரத்தை வாசிக்கத் தொடங்கியது. வாசலிலிருந்து எட்டிப் பார்த்த கதிரவேலண்ணை திருநீற்றைத் தேடினார். நான் வயர்களை இழுத்து, மாற்றி, தட்டி, குரலை ஒருவழியாக விரட்டினேன். "மன்னிச்சுக் கொள்ளுங்கோ ஐயா, றேடியோ புகுந்திட்டுது" என்றேன். கந்தையா கண்ணைத் திறக்கவில்லை. விலையை முழுதாகக் கேட்க விடாமல் கெடுத்துவிட்டேன் என்ற கோபம் மட்டும் முகத்தில் தெரிந்தது.

"றேடியோ இல்லைத் தம்பி, அது என்ரை நெஞ்சுதான். வேறை ஆரின்ரை நெஞ்சுக்குள்ளை வெங்காய விலை கிடக்கும்?"

மறுபக்கம்

வெங்காயம் வராத அதே காரணத்தால் எங்களுக்குக் கடதாசியும் வரவில்லை. மெசினுக்கென்று தனிக் கடதாசி. கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரிக் கந்தோரில் பெரிய கிளாக்கரான பிரதம இலிகிதர் கையெழுத்து வைக்க வேண்டும். நான் எழுதி அனுப்புவேன். அவர் ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்புவார். சாதாரணக் கடதாசி பாவித்தால் என்ன? இதயம் சுகமாக உள்ளவர்களுக்கும் பதிவது அவசியமா? கடைசியாக வந்த கேள்விதான் உச்சம்: பாவித்த கடதாசியின் மறுபக்கத்தைப் பாவிக்க முடியாதா? அந்தக் கேள்விக்கு நான் பதில் யோசித்து முடிப்பதற்குள் கையிலிருந்த கடைசிச் சுருளும் தீர்ந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை, பிரதம இலிகிதரையே தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. நடுநெஞ்சில் வலி. டொக்டர் பார்த்துவிட்டு, உடனே பதிவு எடு என்றார். டொக்டர் சொல்லிவிட்டாரே என்று மைக், பட்டி, வயர் எல்லாம் பொருத்தினேன். அவரும் மிகவும் பயந்துபோய், சொல்லாமலே மூச்சை அடக்கினார். "ஐயா, மூச்சை விடுங்கோ" என்றேன். "கடதாசி இல்லை. மறுபக்கத்திலை எடுக்கலாமோ எண்டு தாங்கள்தான் சொல்லவேணும்."

வேறு அறையில் வேறு மெசினில் பார்த்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை, கன்ரீன் வடைதான். அந்தக் கிழமை முடியுமுன்பே கடதாசி வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு வயர்களுக்கு நடுவே படுத்திருந்தபடி, என்னைப் பார்த்துக் கோபத்தோடு அவர் சொன்னது இது:

"பேப்பர் இல்லையெண்டு ஆராவது எனக்கு முந்தியே சொல்லியிருக்கலாம்தானே!"

மாமியின் சாட்சி

பக்கத்துக் கொழும்புத்துறையிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மாமியார் வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார். மருமகள் பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு. மருமகள் வந்த நாளிலிருந்து தன் நெஞ்சு உடைந்துபோயிற்று, மகன் நம்புகிறான் இல்லை, மெசினில் போட்டு எழுதித் தந்தால் கொண்டுபோய் மகனுக்குக் காட்டலாம் என்பது வழக்கு. எந்தெந்த நாளில் எந்தக் கறிக்கு உப்புக் குறைந்து எவ்வளவு உடைந்தது என்பதையும் சொன்னார்.

பதிந்தேன். டொக்டர் அளந்தார், திருப்பி அளந்தார். பிறகு மாமியாரிடம், "அம்மா, உங்கடை இதயம் இருபது வயதுக் குமரின்ரை இதயம். இன்னும் கனகாலம் இருப்பியள்" என்று வாழ்த்தினார். மாமியாருக்கு அது பெரும் அவமானம். மெசின் பழுது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அதுவரை வாயே திறக்காத மருமகள் வாசலில் தயங்கி நின்று, என்னிடம் திரும்பி வந்தாள்.

"அண்ணை, உந்தப் பேப்பரிலை எனக்கொரு துண்டு வெட்டித் தருவியளோ? சாமியறையிலை கொழுவி வைக்க."

பாக்கியம் கேட்டது

இது கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காங்கேசன்துறையில் கடற்தொழில் செய்கிற அருமைத்துரை என்பவருக்குக் கொஞ்ச நாளாக வலை இழுக்கும்போது இளைப்பு. முப்பது சொச்சம் வயது, தூண் மாதிரி உடம்பு. அவரை உள்ளே அழைக்கும் முன்பே மனைவி பாக்கியம் தனியாக உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"தம்பி, ஒரு உதவி. இவருக்கு நெஞ்சு சரியில்லை, கடலுக்குப் போகக்கூடாது எண்டு எழுதி விடுமன்."

"நெஞ்சு சரியில்லையோ எண்டு பாக்கத்தானேயம்மா வந்தனீங்கள்?"

"அவருக்கு ஒண்டுமில்லை. சுருட்டுக் குடிக்கிற இளைப்பு. என்ரை தமையன் போன வருசம் கடலுக்குப் போனவன் திரும்பி வரேல்லை. வள்ளம் மட்டும் கரை ஒதுங்கினது. இவர் கேக்கிறார் இல்லை. டொக்டர் சொன்னால் கேப்பார். மாமா தன்ரை கடையிலை இருத்துறன் எண்டு சொல்லுறார்."

"மெசினுக்கு நான் சொல்லிக்குடுக்க ஏலாதம்மா. அது அரசாங்கத்து மெசின். ஒருத்தற்றை சொல்லும் கேளாது."

"கடதாசி ஓடேக்கை நீர் கையாலை ஒருக்கா ஆட்டிவிட்டாப் போதும்தானே?"

இப்படி ஒரு தொழில்நுட்பம் எனக்குத் தோன்றியதில்லை. சிரித்துக்கொண்டே அவளை வெளியே அனுப்பிவிட்டு, அருமைத்துரையைக் கூப்பிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே படுத்தார். "இவள் சும்மா பயப்பிடுறாள், தம்பி" என்றார். மெசினைப் போட்டேன்.

என் கை ஆடத் தேவை இருக்கவில்லை. முதல் சத்தம் அளவுக்கு மிஞ்சி ஓங்கி விழுந்தது. இரண்டாவதின் பின்னால், ஒட்டிக்கொண்டு, ஒரு சின்ன 'டக்'. அதன் பிறகு, அமைதியாக இருக்க வேண்டிய இடம் முழுக்க ஒரு உறுமல். அப்படிப்பட்ட கடதாசிகள் என் கையால் முன்னமும் போயிருக்கின்றன. அருமைத்துரை "என்ன, படகு எஞ்சின் மாதிரிக் கேக்குது?" என்று சிரித்தார். நான் சட்டையைப் போடச் சொன்னேன்.

பெரிய டொக்டர் அளந்தார். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது. இதயத்துக்குள் இருக்கிற ஒரு வால்வின் ஓரங்கள் அந்தக் காய்ச்சலில் ஒட்டிப்போய், இப்போது வாசல் ஒடுங்கிவிட்டது. அந்த 'டக்' எவ்வளவு கிட்ட வருகிறதோ ஒடுக்கம் அவ்வளவு கடுமை. இவருக்கு மிகவும் கிட்ட வந்திருக்கிறது. கொழும்புக்குப் போய் ஒட்டினதைப் பிரித்துவிட வேண்டும், விட்டால் இதயம் களைத்துவிடும் என்றார். "அதுவரைக்கும் கடலை நினைக்கவும் கூடாது."

பாக்கியம் கேட்டது அப்படியே கிடைத்தது. புருஷன் வெளியே தெரிந்தவர் ஒருவரோடு கதைத்துக்கொண்டு நிற்க, அவள் என் அறைக்குள் வந்து மெசின் மேசையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"தம்பி, நான் சும்மா சொன்னனான். உந்தப் பதிவைத் திருப்பி எடும். நல்லதா எடும்."

டொக்டர் கேட்காமலே அருமைத்துரையை மறுபடி படுக்க வைத்துத் திருப்பி எடுத்தேன். பாக்கியம் பக்கத்தில் நின்று, ஓடி வருகிற கடதாசியையே பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாத கோடுகள்தான். ஆனால் என் முகத்தை வாசித்துவிட்டாள். "என்ரை நாக்குத்தான்" என்றாள். வால்வு ஒட்டினது அவர் பொடியனாக இருந்தபோது, நீங்கள் கேட்டது இன்றைக்குத்தான் என்று நான் சொன்னேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

கொழும்புக்குப் போனார்கள். சில மாதம் ஒரு தகவலும் இல்லை. எதிர்க்கடையில் சுத்தியல் கேட்கும்போதெல்லாம் எனக்கு அருமைத்துரையின் நினைவு வந்தது. பிறகு ஒரு நாள் வாசலில் அதே சிரிப்பு. இடது மார்புக்குக் கீழே, கத்தி போன வழியில் நீளமான தழும்பு. படுக்க வைத்து எடுத்தேன். உறுமல் மெலிந்து, காது கொடுத்தால்தான் கேட்கும் அளவுக்குப் போயிருந்தது. அந்த 'டக்' எட்டத் தள்ளிப்போயிருந்தது. பெரிய டொக்டர் அளந்துவிட்டுப் பாக்கியத்தைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பல் இருக்கிறது என்று நான் அறிந்த நாள் அது. இனிக் கடையில் இருக்கலாம், பாரம் தூக்கக் கூடாது, கடலைப் பற்றிப் பிறகு யோசிப்போம் என்றார். அருமைத்துரை எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். பாக்கியம் மெசினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்த சோளகக் காற்று தொடங்கு முன்பே ஒரு நாள், ஓலைப் பையில் பெரிய பாரை மீன் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் தொப்பென்று வைத்தாள். கடையில் அருமைத்துரை இரண்டு கிழமைதான் இருந்தாராம். சீனி நிறுக்கிறபோதுதான் மூச்சு முட்டுகிறதாம், கடலில் முட்டவில்லையாம். இந்த மீன் அவர் பிடித்தது. டொக்டர் சொன்னதைக் கேட்கவில்லை என்று எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. பாக்கியத்துக்கு அழுகை வரவேண்டும், அதுவும் வரவில்லை.

"உங்கடை பெரிய டொக்டரிட்டைச் சொல்லும் தம்பி, நெஞ்சைத் திருத்திப் போட்டியள், இனித் தலையைத் திருத்துற மெசின் வந்தால் எனக்கு முதல் நம்பர் தரச்சொல்லி."

எண்பதுகள் தொடங்கியபோது எங்கள் மெசினுக்குச் சாமான்கள் வருவது நின்றுபோனது; இதயத்தைப் படமாகவே காட்டுகிற மெசின் கொழும்புக்கு வந்துவிட்டது என்றார்கள். எங்களுடையதைத் துணி போட்டு மூடி, கடைசியாக ஒருவழியாக அமைதியான ஒரு அறைக்கு மாற்றினார்கள்.

இத்தனை வருடம் ஊராரின் நெஞ்சை ஒட்டுக் கேட்டதில் நான் கண்டது, நெஞ்சு ஒருநாளும் ஒளித்துக் கதைக்காது, அதைச் சுமந்துகொண்டு வருகிற ஆளோடுதான் நாங்கள் மாரடிக்க வேண்டும் என்பதுதான்.